ஆற்றில் போட்டாலும் அளந்து போட்டிருக்கலாம்

பெறுநர்: அமெரிக்காவின் பழைய தொலைக்காட்சிப் படச்சுருள்களைக் காத்து வரும் காப்பகத்தார் அனைவரும். குறிப்பாக காங்கிரஸ் நூலகத்தார், லாஸ் ஏஞ்சலஸில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத் திரைப்பட, தொலைக்காட்சிக் காப்பகத்தார், நியூயார்க் பேலி மையத்தார். அப்புறம், தன் வீட்டுப் பரணில் துருப்பிடித்த தகர டப்பாக்களை அடுக்கி வைத்திருக்கும் சேகரிப்பாளர் ஒவ்வொருவரும்.

அன்புடையீர், வணக்கம்.

இதைத் தமிழில் எழுதினால் அவர்களுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். திறந்த மடல் என்பது முகவரி ஒருவருக்கும் வாசிப்பு ஊருக்குமாக எழுதுவது. உங்களில் யாராவது ஒருவருடைய அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் நிச்சயம் இருப்பார். அவர் கண்ணில் பட்டால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

விஷயம் இதுதான். 1950ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் தேதி முதல் செப்டம்பர் 29ஆம் தேதி வரை, டுமாண்ட் என்ற தொலைக்காட்சி நிறுவனம் வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் மாலை 7.45க்கு ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. பதினைந்தே நிமிடம். ஒரு பெண் பியானோவின் முன் உட்கார்ந்து வாசிப்பார், பாடுவார். பதின்மூன்று வாரம். ஒரு நாளும் தவறவில்லை என்று வைத்துக்கொண்டால் 39 நிகழ்ச்சி, கிட்டத்தட்ட பத்து மணி நேர இசை. அதில் ஒரு நிமிடம்கூட இன்று இருப்பதாகத் தெரியவில்லை. அதைத் தேடச் சொல்லித்தான் இந்த மடல்.

அந்தப் பெண் ஹேசல் ஸ்காட். உங்களுக்குத் தெரிந்த பெயர்தான். ஆனால் இதைப் படிக்கும் தமிழர்களில் பலருக்குப் புதுசு. எனக்கே 2019 வரை தெரியாது. அந்த ஆண்டு கிராமி இசை விருது விழாவில் பாடகி அலிஷா கீஸ் இரண்டு பியானோக்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் இரண்டையும் வாசித்தார். ஹேசல் ஸ்காட்டை நினைத்துத்தான் இதைச் செய்கிறேன் என்று மேடையிலேயே சொன்னார். யார் அது என்று கைப்பேசியில் தேடினேன். 1943இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்திலிருந்து வெட்டிய காட்சி கிடைத்தது. ஒரு பியானோ கறுப்பு, ஒன்று வெள்ளை. நடுவில் அவர். முதலில் ஒன்றில் வாசித்துவிட்டு மற்றதற்குத் திரும்புகிறார். பிறகு வலது கை ஒன்றில், இடது கை இன்னொன்றில். கட்டைகளைப் பார்ப்பதே இல்லை. நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார், ஏதோ வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசுகிற மாதிரி. அன்று ராத்திரி அந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

முதலில் பிறந்த ஊரிலிருந்து சொல்லிவிடுகிறேன், இங்கே படிப்பவர்களுக்காக. டிரினிடாட் தீவில் போர்ட் ஆஃப் ஸ்பெயின். 1920 ஜூன் 11. அம்மா ஆல்மா, முறையாகப் பியானோ கற்றவர், வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். மாணவர்கள் தப்பாக ஒரு சுரத்தைத் தட்டினால் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருக்கும் மூன்று வயது ஹேசல் வீரிட்டு அழுமாம். ஒருநாள், பாட்டி மத்தியானத் தூக்கத்துக்குப் பாடுகிற தேவாலயப் பாட்டைக் குழந்தை தானாகவே கட்டைகளில் தட்டியிருக்கிறது. சங்கீத மேதைகளைப் பற்றி இப்படி ஒரு கதை இல்லாமல் இருக்காது, அதனால் நான் இதற்கெல்லாம் பெரிதாக அசருவதில்லை. ஆனால் தப்பு சுரத்துக்கு அழுத விஷயத்தை மட்டும் நம்புகிறேன். பிற்காலத்தில் அவர் செய்ததெல்லாம் அந்த ரகம்தான்.

1924இல் அம்மாவும் பாட்டியும் குழந்தையும் நியூயார்க் போய், கறுப்பர்கள் பெருவாரியாக வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் குடியேறினார்கள். பியானோ கற்றுத்தந்த ஆல்மா அங்கே முதலில் வீட்டு வேலைக்குத்தான் போக வேண்டியிருந்தது. அது அவருக்கு ஒத்துவரவில்லை. மறுபடி இசைக்கே திரும்பினார். தானாகவே சாக்ஸபோன் கற்றுக்கொண்டு, லில் ஹார்டின் ஆம்ஸ்ட்ராங் நடத்திய பெண்கள் இசைக்குழுவில் வாசித்தார். பிறகு சொந்தக் குழுவே நடத்தினார். வீட்டுக்கு வந்து போகிறவர்கள் யார் யார் என்று பாருங்கள்: ஃபேட்ஸ் வாலர், ஆர்ட் டேட்டம், லெஸ்டர் யங், பில்லி ஹாலிடே. ஜாஸ் பியானோவில் ஆர்ட் டேட்டத்துக்கு மேல் ஒருவரைச் சொல்ல இன்றும் ஆள் யோசிப்பார்கள். அவர் ஹேசலுக்கு மாமா முறை போல.

எட்டு வயதில் ஜூலியர்ட் இசைக் கல்லூரிக்குத் தேர்வுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே சேர பதினாறு வயது ஆக வேண்டும். பிள்ளை ராக்மனினோஃபின் சி ஷார்ப் மைனர் பிரெலூடை வாசித்தது. அது பெரிய கை இருப்பவர்களுக்கான உருப்படி. எழுதியவரின் கையே அசாதாரணமாக நீண்டது, ஒரு விரிப்பில் பன்னிரண்டு, பதின்மூன்று வெள்ளைக் கட்டைகளைத் தொடும் என்பார்கள். எட்டு வயதுக் கைக்கு எட்டுமா? எட்டாத இடத்தில் குழந்தை தன் விரலுக்கு எட்டுகிற, ஆனால் காதுக்குப் பொருந்துகிற வேறு சுரங்களை வைத்து வாசித்தது. பிரெலூடை யார் இப்படி மாற்றி வாசிக்கிறது என்று கோபமாக உள்ளே வந்த பேராசிரியர், உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து வாயடைத்துப் போனாராம். விதியைத் தளர்த்திக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். கை எட்டாததால் செய்த அந்த மாற்றத்தைத்தான், கை நன்றாக எட்டிய பிறகு, அவர் தன் பாணியாகவே வைத்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றும். பாஹ், ஷோபன், லிஸ்ட் என்று ஐரோப்பியச் செவ்வியல் மேதைகளில் ஆரம்பிப்பார். முதல் இரண்டு நிமிடம் பிசிறில்லாமல், தேர்வுக்கு வாசிக்கிற மாதிரி. திடீரென்று இடது கை தாளத்தைக் கையில் எடுத்துக்கொள்ளும். கீழே ஒரு ஒற்றைச் சுரம், மேலே ஒரு சுரக்கொத்து, கீழே, மேலே என்று ஹார்லெம் நடை நடக்கும். வலது கை அதே பாஹ்தான் வாசித்துக்கொண்டிருக்கும், ஆனால் பாஹ் இப்போது தெருவில் இறங்கிவிட்டார். 1940இல் டெக்கா நிறுவனம் இந்தப் பாணியிலேயே அவருடைய இசைத்தட்டுத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது.

இதை நடத்திய இடம் கஃபே சொசைட்டி. 1938 டிசம்பரில் பார்னி ஜோசஃப்சன் என்பவர் கிரீனிச் வில்லேஜில் திறந்த இரவு விடுதி. மேடையில் கறுப்பர் வாசிக்க, கீழே வெள்ளையர் மட்டும் உட்காரும் விடுதிகள் இருந்த நகரத்தில், இங்கே இருவரும் ஒரே மேசையில் உட்காரலாம். அங்கே பாடிக்கொண்டிருந்த பில்லி ஹாலிடே விலகும்போது, என் இடத்துக்கு ஹேசலைக் கூப்பிடுங்கள் என்று சொன்னதாகக் கேள்வி. பத்தொன்பது வயது. மூன்று வாரம் நிற்குமோ என்னவோ என்று வந்தவர், அந்த விடுதியின் நட்சத்திரமாகவே ஆகிவிட்டார். ஜோசஃப்சன் 1940இல் நகரத்தின் மேற்புறத்தில் இன்னொரு கிளை திறந்தபோது அதன் மகாராணியும் இவர்தான்.

ஹாலிவுட் கூப்பிட்டது. ஐந்து படங்கள், எல்லாம் 1943க்கும் 1945க்கும் நடுவில். வந்த முதல் வாய்ப்புகள் எல்லாம் பாட்டுப் பாடும் வேலைக்காரி வேடம். ஒன்றையும் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா வீட்டு வேலை செய்து பிழைத்த வீடு அது. அந்த வேலையை அவர் இளக்காரமாக நினைத்திருக்க வாய்ப்பில்லை. திரையில் கறுப்புப் பெண் என்றால் அது ஒன்றுதான் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. அதனால் படங்களில் அவர் ஹேசல் ஸ்காட்டாகவே வருவார், பெயர்ப் பட்டியலிலும் அப்படியே. உடை தன் விருப்பம், தன் காட்சியின் இறுதி வெட்டு தன் ஒப்புதல், இதெல்லாம் ஒப்பந்தத்திலேயே உண்டு. இன்றைக்கு எத்தனை நடிகைகளுக்கு இது கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டு பியானோ வாசித்த அதே படத்தில்தான் ஏப்ரன் விவகாரம். ஏப்ரன் என்பது சமையல், வீட்டு வேலையின்போது உடை மேல் கட்டிக்கொள்ளும் துணி. போருக்குப் போகும் கணவன்மாரைக் கறுப்புப் பெண்கள் சந்தோஷமாக வழியனுப்பும் காட்சி. அந்தப் பெண்களுக்கு எண்ணெயும் அழுக்கும் பூசிய ஏப்ரன்களைக் கொடுத்திருந்தார்கள். ஸ்காட்டுக்கு இதில் நேரடியாக ஒன்றும் இல்லை, அவருக்கு ராணுவ உடை. ஆனால் புருஷனைப் போருக்கு அனுப்பப் போகிற எந்தப் பெண் அழுக்கு ஏப்ரனோடு ரயிலடிக்குப் போவாள் என்று கேட்டார். படப்பிடிப்பு மூன்று நாள் நின்றது. சும்மா நின்றாலும் ஸ்டுடியோவுக்குச் செலவு ஓடும். கடைசியில் ஏப்ரன் போனது, பெண்கள் நல்ல கவுன் அணிந்து வந்தார்கள். படத்தை எடுத்த கொலம்பியா நிறுவனத்தின் தலைவர் ஹாரி கோன், இனி இவளுக்குப் படமே கிடையாது என்று சபதம் போட்டார். அது பலித்தும்விட்டது என்றே சொல்ல வேண்டும். அந்தக் காட்சியை மறுபடி பார்க்கும்போது நான் பியானோவைப் பார்ப்பதில்லை. பின்னால் வரும் பெண்களின் உடையைத்தான் பார்க்கிறேன். துவைத்து இஸ்திரி போட்ட உடை. அந்த இஸ்திரிக்கு ஒரு ஹாலிவுட் வாழ்க்கை விலை.

1945 ஆகஸ்டில் ஆடம் கிளேட்டன் பவலைக் கல்யாணம் செய்துகொண்டார். ஹார்லெமின் பெரிய தேவாலயத்துப் போதகர், அந்த ஆண்டு ஜனவரியில்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் உறுப்பினராகப் பதவி ஏற்றவர். கணவருக்கு இரவு விடுதி பிடிக்காது. அதனால் விடுதியை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கச்சேரி. அதே ஆண்டு வாஷிங்டனின் கான்ஸ்டிட்யூஷன் அரங்கில் வாசிக்கக் கேட்டபோது, அதை நடத்தும் அமெரிக்கப் புரட்சி மகளிர் சங்கம் முடியாது என்றது. 1939இல் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்குச் சொன்ன அதே அரங்கம், அதே பதில். இதற்குப் பிறகும் குடியரசுத் தலைவர் ட்ரூமனின் மனைவி அந்தச் சங்கத்தின் தேநீர் விருந்துக்குப் போனார். பவல் அவரை நாட்டின் கடைசிப் பெண்மணி என்று கிண்டல் செய்ய, வெள்ளை மாளிகைக் கதவு பவலுக்கு மூடியது.

ஸ்காட்டின் கச்சேரி ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு: பார்வையாளரைத் தோல் நிறம் பார்த்துப் பிரித்து உட்கார வைத்தால் வாசிக்க மாட்டேன். 1948இல் டெக்சஸின் ஆஸ்டினில் அரங்கத்துக்குப் போனவர், நடுவில் விரிப்புப் போட்டு இரண்டு பக்கமாகப் பிரித்திருப்பதைப் பார்த்தார். வாசிக்காமலே திரும்பிவிட்டார். என் வாசிப்பைக் கேட்க வருகிறவர்கள் என்னைப் போன்ற ஒருவர் பக்கத்தில் உட்கார மாட்டார்களாமா என்று கேட்டார். மறு ஆண்டு வாஷிங்டன் மாநிலத்தில் பாஸ்கோ என்ற ஊரில் ஓர் உணவகத்தில் சாப்பாடு தர மறுத்தார்கள். வழக்குப் போட்டு ஜெயித்தார். கிடைத்தது 250 டாலர்.

சரி, இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

1950இல் அமெரிக்க வீடுகளில் தொலைக்காட்சி அப்போதுதான் நுழைந்துகொண்டிருந்தது. டுமாண்ட் என்பது பெட்டி தயாரித்துக்கொண்டிருந்த ஒருவர் தொடங்கிய நிறுவனம். மற்ற பெரிய நிறுவனங்களிடம் வானொலிக் காலத்துப் பணமும் நட்சத்திரங்களும் இருந்தன. டுமாண்டிடம் இரண்டும் இல்லை. பணம் இல்லாதவனுக்குத் துணிச்சல் அதிகம். கறுப்புப் பெண் ஒருவரைத் தன் பெயரிலேயே நிகழ்ச்சி நடத்த நாடு முழுக்க ஒளிபரப்பினார்கள். அவர்தான் முதல்வரா என்பதில் பட்டிமன்றம் உண்டு. அதே டுமாண்டில் 1948இலேயே அமண்டா ராண்டால்ஃப் என்ற கறுப்பின நடிகை வந்துவிட்டார் என்பார்கள். எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை. ராண்டால்ஃபின் நிகழ்ச்சியையும் சேர்த்தே தேடுங்கள்.

ஸ்காட்டின் நிகழ்ச்சிக்கு மாடிவீட்டு வரவேற்பறை மாதிரி அரங்கு. பெரிய பியானோ, சன்னலுக்கு வெளியே நகரத்தின் கட்டடங்கள். வேலைக்காரியாக வரச் சொன்ன அதே நாட்டில், அதே பெண் இப்போது வீட்டுக்காரியாக உட்கார்ந்து வாரம் மூன்று நாள் ஊரையே வரவேற்கிறார். ஏப்ரன் இல்லை. நகை உண்டு.

நிகழ்ச்சி தொடங்குவதற்குப் பதினோரு நாள் முன்பு, ஜூன் 22 அன்று, ரெட் சானல்ஸ் என்ற ஒரு சிறு புத்தகம் வெளிவந்தது. வானொலி, தொலைக்காட்சியில் இருப்பவர்களில் கம்யூனிஸ்ட் தொடர்பு உள்ளவர்கள் என்று 151 பேர் பட்டியல். லியனார்ட் பெர்ன்ஸ்டைன், ஆரன் கோப்லாண்ட், லாங்ஸ்டன் ஹியூஸ், லீனா ஹார்ன், ஆர்சன் வெல்ஸ், அதில் ஹேசல் ஸ்காட்டும். போட்டது ஒரு தனியார் கூட்டம். நீதிமன்றம் இல்லை, விசாரணை இல்லை. விளம்பரதாரர் ஒருவர் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் போதும், வேலை போய்விடும்.

பலர் வாய் மூடி இருந்தார்கள். வயிற்றுப்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஸ்காட் தானாகவே போய், என்னை விசாரியுங்கள் என்று காங்கிரஸின் அமெரிக்க விரோத நடவடிக்கைக் குழுவிடம் கேட்டு வாங்கி ஆஜரானார். கணவர் உறுப்பினராக இருந்த அதே சபையின் குழு. 1950 செப்டம்பர் 22. நாள்காட்டியைப் பார்த்தேன், அது வெள்ளிக்கிழமை. அட்டவணைப்படி அவருடைய நிகழ்ச்சி நாள். தன் பெயருக்கு எதிரே எழுதியிருந்த அமைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, இதில் எனக்குச் சம்பந்தமில்லை, இதன் பெயரே நான் கேட்டதில்லை என்று பதில் சொன்னார். நகரசபைத் தேர்தலில் நின்ற பெஞ்சமின் டேவிஸ் என்ற கம்யூனிஸ்ட் வேட்பாளருக்கு ஆதரவான கூட்டத்தில் கலந்துகொண்டதை மறைக்கவில்லை. கம்யூனிஸ்டுகளை எல்லாரையும்விட நெடுங்காலமாக வெறுத்து வரும் சோஷலிஸ்டுகளே டேவிஸை ஆதரித்தார்களே என்று திருப்பிக் கேட்டார். கடைசியில், கலைஞர்கள் நாட்டுக்கு உழைக்கத் தயாராக இருக்கிறார்கள், அற்பர்களின் அவதூறைக் கேட்டு எங்களைக் கைகழுவி விடாதீர்கள் என்ற பொருளில் முடித்தார்.

அடுத்த வெள்ளி, செப்டம்பர் 29. நிகழ்ச்சி நின்றது. சரியாக ஒரு வாரம்.

இப்போது நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செப்டம்பர் 22 அன்று அவர் பேசியது ஒவ்வொரு சொல்லும் இருக்கிறது. அரசு அச்சகம் அதைத் தனிப் பிரசுரமாகவே போட்டது. நூலகங்களில் இன்றும் பார்க்கலாம். யார் என்ன கேட்டார், அவர் என்ன பதில் சொன்னார், எந்த அமைப்பு, எந்தத் தேதி, எல்லாம் வரி பிசகாமல். அவர்மேல் சாட்டிய குற்றத்தை இவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றிய நாட்டில், அவர் வாசித்த பியானோ மட்டும் எங்கே போனது?

தண்ணீருக்குப் போனது என்கிறார் ஈடி ஆடம்ஸ். டுமாண்டில் வேலை செய்தவர், நடிகர் எர்னி கோவாக்ஸின் மனைவி. 1996இல் தொலைக்காட்சிப் பாதுகாப்பு பற்றிக் காங்கிரஸ் நூலகமே நடத்திய விசாரணையில் இதைச் சொன்னார். உங்களில் சிலர் அந்த அறையில் இருந்திருக்கவும் கூடும். டுமாண்ட் நிறுவனம் 1956இல் மூடிய பிறகு அதன் சுருள்கள் ஒரு கிடங்கில் கிடந்தனவாம். எழுபதுகளின் தொடக்கத்தில் நிறுவனம் கைமாறும்போது, இதை யார் வைத்துக் காப்பாற்றுவது, செலவை யார் ஏற்பது என்று பேச்சுவார்த்தை. அதில் இருந்த ஒரு வழக்கறிஞர், கவலைப்படாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். மூன்று லாரி வந்தது. ராத்திரியோடு ராத்திரியாக ஏற்றிப் படகில் கொண்டுபோய் நியூயார்க் வளைகுடாவில் கொட்டிவிட்டு வந்தார்கள். அதற்கு முன்பே ஐம்பதுகளில், படச்சுருளில் இருக்கும் வெள்ளியை எடுக்க ஒரு பகுதியை அழித்துவிட்டதாகவும் சொல்வார்கள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது எங்கள் ஊர்ப் பழமொழி. வீணாகப் போகிற பொருளுக்கும் கணக்கு வேண்டும் என்று அர்த்தம். அந்த மூன்று லாரியில் என்ன இருந்தது என்று ஒரு துண்டுச் சீட்டுகூட யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. என் மனசுக்கு அதுதான் ஆறவில்லை. அளந்து போட்டிருந்தால், இன்று எதைத் தேடுவது, எதைத் தேடிப் பயனில்லை என்றாவது தெரிந்திருக்கும்.

அந்த வழக்கறிஞரை நான் வில்லனாக்க விரும்பவில்லை. அதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் ஒரு கேசட் இருந்தது. அப்பா வானொலியிலிருந்து பதிவு செய்து வைத்திருந்த நாதஸ்வரக் கச்சேரி. கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பல்லை உடைத்துவிட்டால் மேலே எதையும் பதிய முடியாது. அப்பா ஞாபகமாக உடைத்துத்தான் வைத்திருந்தார். பத்தாம் வகுப்புப் படித்த நான் அந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டி, அதன் மேல் சினிமாப் பாட்டு பதிவு செய்தேன். எனக்கு நாதஸ்வரத்தின் மேல் ஒரு விரோதமும் இல்லை. கைக்கு எட்டிய தூரத்தில் வெற்றுக் கேசட் இல்லை, அவ்வளவுதான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கேசட்டை எடுத்து, ஒட்டியிருந்த செலோடேப்பை நகத்தால் உரித்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். எங்கள் முதல் தமிழ்ப் பேசும்படமான 1931ஆம் ஆண்டுக் காளிதாஸின் பிரதிகூட இன்று இல்லை. எனவே உங்கள் நாட்டைக் குறை சொல்லும் உயரத்தில் நின்று இதை எழுதவில்லை.

நிகழ்ச்சி நின்ற பிறகும் அவர் ஓயவில்லை. 1955 ஜனவரியில் சார்லஸ் மிங்கஸ் டபுள் பேஸ், மேக்ஸ் ரோச் டிரம்ஸ் வாசிக்க, அவர்கள் இருவரும் சொந்தமாக நடத்திய டெபியூ நிறுவனத்துக்காக ஓர் இசைத்தட்டு பதிவு செய்தார். கேட்டிருக்கிறீர்களா? பாஹைத் தெருவில் இறக்கிய வேடிக்கையெல்லாம் அதில் கிடையாது. கைகள் அவசரப்படாது. ஒரு சுரம் ஒலித்து அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததை வைப்பார். இரண்டு பியானோ வாசித்தவருக்கு ஒரு பியானோவில் பாதிக் கட்டைகளே போதும் என்று ஆகிவிட்ட காலம். அவரை வெறும் வித்தைக்காரி என்று ஒதுக்கிய ஜாஸ் விமர்சகர்கள் இதைக் கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள். அவர் வாசிப்பு எந்தத் திசையில் போயிருக்கும் என்பதற்கு இந்தத் தட்டு ஒன்றுதான் நல்ல சாட்சி. நாற்பதுகளின் படங்களுக்கும் இந்தத் தட்டுக்கும் நடுவில்தான் அந்தப் பதின்மூன்று வாரம் இருக்கிறது. அந்தப் பாலம் இல்லாமல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

1957இல் பாரிஸ் போய்விட்டார். பத்து ஆண்டு. ஜான் கபான் நடித்த ஒரு பிரெஞ்சுப் படத்தில் வந்தார். ஜேம்ஸ் பால்ட்வின், டிசி கில்லெஸ்பி, மேரி லூ வில்லியம்ஸ் என்று வீடு நிறைய ஆள் இருக்கும். பவலோடு 1960இல் மணமுறிவு. 1967இல் நியூயார்க் திரும்பியபோது ஊர் மாறிவிட்டிருந்தது, கிட்டார்கள் காலம். சின்னச் சின்ன விடுதிகளில் வாசித்தார், தொலைக்காட்சித் தொடர்களில் சிறு வேடங்களில் வந்தார். 1981 அக்டோபர் 2 அன்று புற்றுநோயால் இறந்தார். 61 வயது. குயின்ஸில் ஃப்ளஷிங் மயானத்தில் அடக்கம், லூயி ஆம்ஸ்ட்ராங் இருக்கும் அதே மயானம்.

இனி என் வேண்டுகோள்.

அந்தக் காலத்தில் நேரலை நிகழ்ச்சியைப் பதிவு செய்ய ஒரே வழி, திரைக்கு எதிரே படக் கேமராவை வைத்து ஃபிலிமில் எடுப்பதுதான். கினெஸ்கோப் என்று நீங்கள் சொல்வது. நேரலையைக் கொண்டுபோகும் கேபிள் எட்டாத ஊர்களின் நிலையங்களுக்கு அந்தச் சுருளைத் தபாலில் அனுப்புவார்கள். ஒரு நிலையம் போட்டு முடித்ததும் அடுத்த நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்ப வேண்டும் என்றுதான் விதி. எத்தனை பேர் சோம்பலில் அலமாரிக்குள் தள்ளியிருப்பார்கள்! சோம்பேறிகளை நம்பித்தான் இந்த மடலை எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம். கிடங்கில் இருந்தது நியூயார்க்கின் பிரதிதான். வெளியூருக்குப் போன பிரதி அந்த லாரியில் ஏறியிருக்காது.

ஆகவே, இன்னும் பட்டியலிடாமல் கிடக்கும் டுமாண்ட் காலத்துப் பெட்டிகளை ஒருமுறை திறந்து பாருங்கள். வேறு நிகழ்ச்சியின் பெயர் ஒட்டியிருக்கும் டப்பாவையும்தான். பதினைந்து நிமிட நிகழ்ச்சி சின்னச் சுருள், இன்னொன்றோடு சேர்த்து ஒட்டி ஒரே சக்கரத்தில் சுற்றியிருக்கலாம். படம் இல்லாவிட்டால் ஒலியாவது பாருங்கள். அந்தக் காலத்தில் வானொலி ரசிகர்கள் வீட்டிலேயே தட்டில் வெட்டிப் பதிவு செய்து வைப்பார்கள். தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அப்படி ஒருவர் உட்கார்ந்திருக்கக் கூடாதா? உங்கள் இணையப் பட்டியல்களில் இந்த நிகழ்ச்சிக்கு ஒரு பதிவு திறந்து, காணவில்லை, தேடப்படுகிறது என்று போடுங்கள். பட்டியலில் பெயரே இல்லாத ஒன்றை எந்தப் பேரன் தாத்தா வீட்டைக் காலி செய்யும்போது எடுத்து வைப்பான்? குப்பையோடு குப்பையாகத்தான் போகும்.

இன்னொன்று, இதற்குத்தான் அவசரம். 1950இல் பத்து வயதில் அப்பா அம்மாவோடு அந்தப் பெட்டி முன் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு இப்போது எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஹார்லெமில், சிகாகோவில், பிட்ஸ்பர்க்கில் அவர்களில் சிலர் இன்னும் இருப்பார்கள். போய்க் கேளுங்கள், பதிவு செய்யுங்கள். என்ன வாசித்தார், எந்த நிறத்தில் உடுத்தியிருந்தார் என்று கேட்டு, கறுப்பு வெள்ளைப் பெட்டியில் நிறம் எங்கே தெரியும் என்று அவர்கள் உங்களைச் சிரித்து அனுப்பினாலும் பரவாயில்லை, அந்தச் சிரிப்பையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

தேடுபவர்களின் வசதிக்காக மறுபடியும் எழுதுகிறேன். டுமாண்ட் நிறுவனம். நியூயார்க் நிலையத்தின் பெயர் டபிள்யூ ஏ பி டி. 1950 ஜூலை 3 முதல் செப்டம்பர் 29 வரை, திங்கள், புதன், வெள்ளி, மாலை 7.45. பெயரை ஹேசல் ஸ்காட் என்று எழுதியிருக்கலாம், கணவர் பெயரைச் சேர்த்து ஹேசல் ஸ்காட் பவல் என்றும் எழுதியிருக்கலாம், வெறும் பியானோ என்று பென்சிலில் கிறுக்கியும் இருக்கலாம். டப்பாவைத் திறந்ததும் புளித்த காடி வாசனை அடித்தால் சுருள் கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், உடனே மூடிக் குளிரில் வையுங்கள். உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பரணில் வைத்திருப்பவர்களுக்காகச் சொன்னேன்.

இப்படிக்கு,
அப்பாவின் கேசட்டை அழித்த ஒரு ரசிகர்